திரைப்பட இசைப்பேழைகள்: சேகரிப்பும் சுவைப்பும் – கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து

முன்னுரை

ஓலைச்சுவடியையும் கல்வெட்டையும் அச்சு நூலையும் சான்றாகக் கொண்டு வளர்ந்த தமிழாய்வு, திரைப்பட இசைத்தட்டைச் சான்றாகக் கொள்ள நெடுங்காலம் தயங்கியது. பொழுதுபோக்குப் பொருள் என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் மலேசியத் தமிழர் எதனைக் கேட்டனர், எதனை விலை கொடுத்து வாங்கினர், எதனைப் பேணி வைத்தனர் என்னும் வினாக்களுக்கு விடை தரும் சான்றுகளுள் இசைத்தட்டும் ஒலிநாடாவும் முதன்மையானவை. அச்சான்றுகள் இன்று நம் கண்முன்னே மறைந்து வருகின்றன. திரைப்பட இசைப்பேழை என்பது யாது, அது மலாயாவுக்கு வந்த வழி யாது, அதனை எவ்வாறு படித்துச் சுவைப்பது, எவ்வாறு பாதுகாப்பது என்பனவற்றைக் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் வாழ்வோடு இணைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

ஒரு திரைப்படத்தின் இசை விற்பனைக்காகத் தொகுக்கப்பட்டு வெளிவருவதையே இங்கு இசைப்பேழை என்கிறோம். அது தட்டாகவோ நாடாவாகவோ குறுவட்டாகவோ இருக்கலாம். மேலைநாட்டில் இதற்கு இரு கிளைகள் உண்டு. ஒன்று பாடல் தொகுப்பு. மற்றொன்று காட்சிகளுக்குப் பின்னே ஒலிக்கும் கருவியிசைத் தொகுப்பு. வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படப் பாடல்கள் 1938ஆம் ஆண்டு தட்டுகளாக வெளிவந்தன. 1942ஆம் ஆண்டின் 'ஜங்கிள் புக்' படத்திற்கு மிக்லோஸ் ரோசா அமைத்த இசையும் தட்டுகளில் விற்கப்பட்டது.

தமிழில் இவ்விரண்டாம் கிளை வளரவில்லை. தமிழ்ப் படத்தின் இசைப்பேழை என்றால் அது பாடல் தொகுப்பே. பின்னணி இசை படச்சுருளோடு நின்றுவிட்டது. தனித்தட்டாக வந்தவை மிகச் சிலவே. அதற்கு ஈடாகத் தமிழுக்கே உரிய வேறொரு வகை தோன்றியது. அதுவே வசன இசைத்தட்டு. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'திருவிளையாடல்' (1965) முதலிய படங்களின் உரையாடல்கள் தட்டுகளாக வெளிவந்து, திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கி வழியே முழங்கின. இசைக்குச் சமமாகச் சொல்லையும் தட்டில் வாங்கிக் கேட்ட சமுதாயம் நம்முடையது. தமிழ் மேடை நாடக மரபும் மேடைப் பேச்சு மரபும் திரைக்குள் புகுந்து, அங்கிருந்து மீண்டும் இல்லத்துக்குள் வந்ததன் அடையாளம் இது.

தட்டின் அளவும் பாட்டின் அளவும்

இந்தியாவில் கிராமபோன் பதிவு 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் தொடங்கியது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931ஆம் ஆண்டு வெளிவந்தபோது, நாடகப் பாடல்களைத் தட்டில் கேட்கும் வழக்கம் தமிழகத்தில் முன்பே வேரூன்றியிருந்தது. நாடகம், கிராமபோன், திரைப்படம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்ததை ஸ்டீபன் ஹியூஸ் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். பின்னாளில் பெரும் படநிறுவனம் கண்ட ஏ.வி. மெய்யப்பச் செட்டியார், முதலில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் இசைத்தட்டுகளை விற்பனை செய்தவர் என்பது இவ்வுறவை உணர்த்தும்.

அக்காலத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும் அரக்குத் தட்டாகும். பத்து அங்குல விட்டமுடைய அத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலாக மட்டும் ஒலிக்கும். எனவே தட்டுக்குச் செல்லும் பாடல் அக்காலவெல்லைக்குள் அடங்க வேண்டியிருந்தது. அடங்காத பாடல் முதற்பகுதி, இரண்டாம் பகுதி எனத் தட்டின் இரு பக்கங்களிலும் பிரித்துப் பதியப்பட்டது. படத்தில் கேட்ட சரணம் தட்டில் இல்லாமற்போவதற்கும், ஆலாபனை சுருங்கியதற்கும் இதுவே காரணம். ஆகவே படத்தின் பாடலும் தட்டின் பாடலும் ஒன்றே எனக் கொள்ளுதல் பிழையாகும்.

1948ஆம் ஆண்டு அமெரிக்காவில் நெடுநேரத் தட்டும், 1949ஆம் ஆண்டு 45 சுற்றுச் சிறுதட்டும் அறிமுகமாயின. ஏழு அங்குலச் சிறுதட்டில் பெரும்பாலும் நான்கு பாடல்கள் இடம்பெற்றன. பன்னிரண்டு அங்குல நெடுந்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடங்களுக்கு மேல் ஒலித்தது. நெடுந்தட்டின் ஒரு பக்கத்தில் ஒரு படமும் மறுபக்கத்தில் வேறொரு படமும் அமைதல் இந்தியாவில் பெருவழக்காக இருந்தது. ஒரு படத்தின் பாடல்களை ஒருசேர, இசையமைப்பாளர் கருதிய வரிசையில் கேட்கும் வாய்ப்பு இவ்வடிவங்களால் ஏற்பட்டது. பாடல் என்னும் தனிப்பொருள் இசைப்பேழை என்னும் தொகைப்பொருளாக மாறியது இக்கட்டத்தில்தான்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை, 1980களில் இந்திய இசைச் சந்தையைத் தலைகீழாக மாற்றியது. பீட்டர் மானுவல் 1993ஆம் ஆண்டு எழுதிய நூல் இம்மாற்றத்தை விளக்குகிறது. ஒரு பெரு நிறுவனத்தின் தனியாட்சி தளர்ந்து, சிறு நிறுவனங்கள் பல தோன்றின. இளையராஜாவின் பாடல்கள் பலவற்றை எக்கோ நிறுவனமும், 'தளபதி' (1991), 'ரோஜா' (1992) ஆகியவற்றை லகரி நிறுவனமும் வெளியிட்டன. 1982ஆம் ஆண்டு உலகச் சந்தைக்கு வந்த குறுவட்டு, 1990களில் தமிழ்த் திரையிசைக்கும் உரிய வடிவமாயிற்று.

மலாயாவுக்கு வந்த வழி

மலாயாவின் இசைத்தட்டு வரலாறு தொடக்கத்திலிருந்தே இந்தியாவோடு பிணைந்தது. போருக்கு முன் சிங்கப்பூரில் பதியப்பட்ட மலாய்ப் பாடல்களுள் பலவும் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் தட்டாக அழுத்தப்பட்டு மீண்டும் இங்கு வந்தன. மலாய்த் திரைப்படத்தை உருவாக்கிய தொடக்கக்கால இயக்குநர்களுள் பி.எஸ். ராஜ்ஹன்ஸ், பி.என். ராவ், எல். கிருஷ்ணன், எஸ். ரமணாதன், பணி மஜும்தார் ஆகியோர் இந்திய மரபினர். பின்னணிப் பாடல் முறையும் பாடல் நிறைந்த கதையமைப்பும் அவர்கள் வழி மலாய்த் திரைக்குள் நுழைந்தன. பி. ரம்லியின் திரைப்பாடல்களைக் கேட்கும் தமிழர் காதுக்கு அவற்றின் கட்டமைப்பு அயலாகத் தோன்றாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

தோட்டப்புறத் தமிழர்க்கு இசைத்தட்டு எளிதில் எட்டும் பொருளன்று. தட்டும் அதனை இயக்கும் பெட்டியும் கிராணி வீட்டிலோ கடைக்காரர் வீட்டிலோ இருந்தன. தோட்டத் தொழிலாளர் பாடலைக் கேட்டது பெரும்பாலும் மூன்று வழிகளில்: தோட்டத் திடலில் வெண்திரை கட்டிக் காட்டிய படத்தில், திருவிழா ஒலிபெருக்கியில், வானொலியில். 1946ஆம் ஆண்டு தொடங்கிய மலாயா வானொலியின் இந்தியப் பகுதி பின்னர் வானொலி ஆறு எனவும், 2005ஆம் ஆண்டு முதல் மின்னல் எஃப்.எம். எனவும் பெயர் பெற்றது. நேயர் விருப்ப நிகழ்ச்சிக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டுத் தம் பெயர் ஒலிக்கும் நாளுக்காகக் காத்திருந்த தலைமுறை ஒன்று இங்கு இருந்தது. தட்டை வாங்க இயலாதவர், தட்டு ஒலிக்கும் நேரத்தில் தம் பெயரையாவது சேர்த்துக்கொண்டனர்.

கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒலிநாடாக் கடைகளும்

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாற்றப்பட்டும் போனபின், தமிழர் பலர் கிள்ளான், ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா, கோலாலம்பூர் ஆகிய பகுதிகளில் குடியேறினர். ஆலைச் சம்பளம் கைக்கு வந்த அக்காலமும் ஒலிநாடா மலிந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. பாடலைக் கேட்டு மட்டும் வந்த குடும்பம் பாடலை உடைமையாக்கிக் கொண்டது அப்போதுதான். பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தன், கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானா, தலைநகரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரம் ஆகியவற்றில் பூக்கடைக்கும் புடவைக்கடைக்கும் இடையே இசைக்கடைகள் அமைந்தன.

இக்கடைகள் விற்பனை நிலையங்கள் மட்டுமல்ல. வாடிக்கையாளர் தாம் விரும்பும் பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் அவற்றை 60 நிமிட, 90 நிமிட வெற்று நாடாக்களில் பதிந்து கொடுப்பார். பதிப்புரிமை நோக்கில் இது பிழையே. ஆயினும் ஆய்வு நோக்கில், ஒவ்வொரு நாடாவும் ஒரு தனிமனிதர் தொகுத்த தொகைநூல் போன்றது. சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் அடியளவையும் திணையையும் கொண்டு தொகுத்தனர். கிள்ளான் வாடிக்கையாளர் சோகம், காதல், பக்தி, தத்துவம் எனத் தொகுத்தார். எதனை எதனோடு சேர்த்தார் என்பது அவர்தம் சுவையின் பதிவாகும்.

இங்கு எம் பிழை ஒன்றையும் குறிப்பிடுதல் தகும். முனைவர் பட்ட ஆய்வின் பொருட்டு வெளிநாடு செல்லும் முன், எம் தந்தையார் சேர்த்து வைத்திருந்த ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றிக்கொண்டு, நாடாக்களையும் அவற்றின் அட்டைகளையும் குப்பைக்கு அனுப்பினோம். பாடல் கைவசம் இருக்க, பழைய நெகிழி எதற்கு என்பது அன்றைய எண்ணம். பாடல்கள் இன்றும் உள்ளன. வேறு எங்கும் கேட்கவும் இயலும். ஆனால் எந்த நாடாவில் எந்தப் பாடலை அடுத்து எந்தப் பாடலை அவர் பதியச் செய்தார், அட்டையில் தம் கையால் என்ன எழுதினார் என்பன மீளா. எல்லோரிடமும் உள்ளதைக் காத்துக்கொண்டு, எம்மிடம் மட்டுமே இருந்ததை இழந்தோம்.

இசைப்பேழையைப் படிக்கும் முறை

சேகரிப்பு என்பது எண்ணிக்கையைப் பெருக்குதல் அன்று. ஒவ்வொன்றையும் படிக்கக் கற்றலாகும். அதற்குரிய கூறுகள் சில வருமாறு.

முதலாவது, நடுவட்டச் சீட்டு. இதில் படம், பாடல், இயற்றியவர், இசை, பாடியவர், நிறுவனம், தட்டெண் ஆகியவை இருக்கும். இணையத்தில் கண்ணதாசன் பாடல் வாலியின் பெயரிலும், வாலியின் பாடல் கண்ணதாசன் பெயரிலும் உலவுவதை அறிவோம். அத்தகைய ஐயங்களைத் தீர்க்கப் படத்தின் எழுத்தோட்டம், பாட்டுப் புத்தகம், தட்டின் சீட்டு ஆகிய மூன்றையும் ஒப்புநோக்குதலே முறை. எனினும் சீட்டும் முற்றுண்மை அன்று. 'மஹல்' (1949) இந்திப் படத் தட்டில் லதா மங்கேஷ்கர் பெயருக்கு மாற்றாகக் கதைமாந்தரின் பெயரே பாடியவர் பெயராக அச்சானது. சீட்டை நம்புதலும் வேண்டும், வினவுதலும் வேண்டும்.

இரண்டாவது, காலக்கணிப்பு. பழைய தட்டுகள் பலவற்றில் ஆண்டு இராது. படத்தின் ஆண்டை அறிந்தாலும் அத்தட்டு முதற்பதிப்பா, மறுபதிப்பா என்பது தனி வினா. இசையமைப்பாளர் பெயர் சிலபோது உதவும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இணை 1965ஆம் ஆண்டு பிரிந்தது. அதன்பின் வந்த படங்களில் எம்.எஸ். விஸ்வநாதன் பெயர் தனித்து வரும். உறையில் உள்ள கடை முத்திரையும் உதவும். துன் வீ.தி. சம்பந்தன் 1979ஆம் ஆண்டு மறைந்த பின்னரே பிரிக்பீல்ட்ஸ் சாலை அவர் பெயரைப் பெற்றது. எனவே முத்திரையில் ஜாலான் துன் சம்பந்தன் என்றிருந்தால், படம் எக்காலத்தது ஆயினும் அத்தட்டு அக்கடையில் விற்கப்பட்டது அதற்குப் பின்னரே எனத் துணியலாம்.

மூன்றாவது, படத்துக்கும் பேழைக்கும் உள்ள வேறுபாடு. 'தளபதி' பேழையில் கே.ஜே. யேசுதாசும் எஸ். ஜானகியும் இணைந்து பாடிய பாடல் ஒன்று படத்தில் இடம்பெறவில்லை. படத்தை மட்டும் பாதுகாத்தால் அப்பாடல் வரலாற்றிலிருந்து நழுவிவிடும். மாறாக, படத்தில் மட்டும் ஒலித்துத் தட்டில் வராத சிறு பாடல்களும் தொகையறாக்களும் உண்டு. இரண்டையும் உடன்வைத்துக் கேட்பவரே முழுமையைக் காண்பர்.

நான்காவது, ஒலியின் இயல்பு. ஒற்றைத்தடப் பதிவில் குரல் முன்னிற்க, கருவிகள் ஒன்றாய்க் குழைந்து பின்னிற்கும். இருதடப் பதிவில் ஒவ்வொரு கருவியும் தனக்கென ஓர் இடம் பெறும். 'பிரியா' (1978) தமிழ்த் திரையிசையில் இருதடப் பதிவின் தொடக்கமாகப் பலராலும் சுட்டப்படுகிறது. இளையராஜாவின் முதற்படமான 'அன்னக்கிளி' (1976) பாடல்களையும் 'பிரியா' பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்போர், இரண்டே ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்தை உணர்வர். இருதடமாகச் செயற்கையாய் விரித்த மறுபதிப்பில் இவ்வேறுபாடு மங்கிவிடும். ஆதலின் மூலப்பதிப்பைக் கேட்டல் வேண்டும் என்கிறோம்.

சட்டத்தின் இடைவெளி

இவ்விசைப்பேழைகளைக் காக்கும் பொறுப்பு யாருடையது? மலேசியாவின் 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம், இந்நாட்டில் வெளியாகும் நூல்களோடு அச்சல்லாத பொருள்களையும் தேசிய நூலகத்துக்கு ஒப்படைக்கச் செய்கிறது. ஆனால் தமிழ்த் திரையிசைத் தட்டுகள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து இறக்குமதியானவை. இங்கு வெளியிடப்பட்டவை அல்ல. இந்தியாவின் 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டமோ நூல்களையும் செய்தித்தாள்களையுமே பேசுகிறது, இசைத்தட்டைப் பேசுவதில்லை. இரு நாட்டுச் சட்டங்களுக்கும் இடையே நம் வீட்டு இசைத்தட்டு யாருக்கும் உரியதல்லாமல் நிற்கிறது.

அவ்விடைவெளியை இந்தியாவில் தனியார் முயற்சிகள் ஓரளவு நிரப்பின. வி.ஏ.கே. ரங்காராவ் சென்னையில் பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்தார். 1990ஆம் ஆண்டு மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் தோன்றியது. 1994ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தனிமனிதர் ஒருவர் திரட்டிய நூல்களையும் பாட்டுப் புத்தகங்களையும் ஆய்வாளர்க்கு உரியதாக்கியது. கோட்டையூரில் ஒருவர் தம் கையிருப்பைச் செலவிட்டுத் திரட்டியது இன்று உலகத் தமிழாய்வின் அடிப்படைச் சேகரங்களுள் ஒன்று என்பதை நாம் மறத்தலாகாது.

பதிப்புரிமையையும் தெளிந்துகொள்ளல் வேண்டும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியீட்டிலிருந்து 50 ஆண்டுகள் நீடிக்கும். இந்தியாவில் அது 60 ஆண்டுகள். ஆனால் ஒலிப்பதிவின் உரிமை முடிந்தாலும் பாடலாசிரியரின் உரிமை முடிவதில்லை. மலேசியாவில் ஆசிரியர் மறைந்தபின் 50 ஆண்டுகள் அது தொடரும். 1981ஆம் ஆண்டு மறைந்த கண்ணதாசனின் வரிகள் 2031ஆம் ஆண்டு இறுதிவரை இங்கு உரிமைக்குட்பட்டவை. ஆகவே பழைய தட்டை வைத்திருத்தலும் ஆய்வுக்குப் பயன்படுத்தலும் வேறு. அதனைப் பொதுவெளியில் ஏற்றி வழங்குதல் வேறு.

பாதுகாக்கும் முறை

நம் நாட்டின் ஈரப்பதமே தட்டுகளுக்கும் நாடாக்களுக்கும் முதற்பகை. பூஞ்சணம் உறையைத் தின்று, பின் தட்டின் வரிகளுக்குள் புகும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், நூல்போல நிறுத்தி வைத்தல் வேண்டும். அடுக்கினால் நெடுந்தட்டு வளையும், அரக்குத் தட்டு உடையும். அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த நீர்மத்தால் துடைத்தலாகாது, அரக்கு கரையும். 78 சுற்றுத் தட்டின் வரி அகலமானது. நெடுந்தட்டுக்குரிய நுண்முள் அதற்குப் பொருந்தாது. தட்டுக்கேற்ற முள்ளை இடாமல் ஒலிக்கச் செய்தல் தட்டையும் முள்ளையும் ஒருங்கே கெடுக்கும்.

எண்ணிம வடிவுக்கு மாற்றுவோர், சுருக்கப்பட்ட கோப்பாக மட்டும் சேமித்தல் போதாது. பன்னாட்டு ஒலி, ஒலி-ஒளி ஆவணக் காப்பகச் சங்கம் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் சுருக்காமல் பதிவதைப் பரிந்துரைக்கிறது. இரைச்சலை நீக்கிய படியோடு, நீக்காத மூலப்படியையும் வைத்திருத்தல் வேண்டும். உறையின் இரு பக்கமும், நடுவட்டச் சீட்டும், கையெழுத்துக் குறிப்பும், கடை முத்திரையும் படமெடுக்கப்பட வேண்டும். அனைத்தினும் மேலாக, அத்தட்டு யாருடையது, எங்கு வாங்கியது, எப்போது கேட்டது என்பதை உரியவரிடம் கேட்டு எழுதுதல் வேண்டும். தட்டு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒலிக்கும்; அதை வாங்கியவர் அதுவரை இரார்.

முடிவுரை

அண்மையில் கிள்ளானில் ஓர் இல்லத்துக்கு அழைக்கப்பட்டோம். தோட்டத்தில் கிராணியாகப் பணியாற்றிய பெரியவர் மறைந்தபின், பிள்ளைகள் வீட்டை விற்று அடுக்ககத்துக்குக் குடிபெயரவிருந்தனர். படிக்கட்டின் கீழ் நான்கு பெட்டிகளில் தட்டுகள் இருந்தன. ஒரு பெட்டியில் நீர் புகுந்து உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. எஞ்சியவற்றின் உறைகளில் வாங்கிய நாளும் கொடுத்த விலையும் அழகிய கையெழுத்தில் குறிக்கப்பட்டிருந்தன. பெரும்பாலானவை தீபாவளியை ஒட்டிய நாள்கள். அவர் எந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தார் என அறியோம். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை தமக்கென அவர் வாங்கிக்கொண்டது எது என்பதை அத்தட்டுகள் கூறின. பழம்பொருள் வாங்குவோர் அடுத்த வாரம் வருவதாக இருந்தது.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956ஆம் ஆண்டு தோன்றியது. முதல் உலகத் தமிழ் மாநாடு 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நிகழ்ந்தது. தமிழாய்வுக்கு இத்தகைய மரபுடைய இந்நகரில், நம் மக்களின் செவிவழி வரலாற்றுக்கென ஒரு சிறு சேகரமேனும் அமைதல் இயலாத செயலன்று. அதற்குப் பெருங்கட்டடம் வேண்டுவதில்லை. ஒவ்வொரு மாணவரும் தம் இல்லத்திலும் தம் தாத்தா பாட்டி இல்லத்திலும் உள்ள தட்டுகளையும் நாடாக்களையும் பட்டியலிட்டு, அவற்றின் கதையை உரியவர் வாய்மொழியாகவே பதிவுசெய்தால், ஒரு பருவத்துக்குள் பயனுள்ள தொடக்கம் ஒன்று கிட்டும். பாடலை உலகம் காத்துக்கொள்ளும்; அதனை நம்மவர் கேட்ட வரலாற்றை நாமே காத்தல் வேண்டும்.